சீனித்தம்பியரின் வலது கால்

செத்தவர்களின் முகத்தை வெளிறவைத்துப் பளபளப்பாக்குவது அனோஜாவுக்குப் பழகிப்போன வேலை. கனடாவின் ஸ்காபரோவில் ஜூலியஸ் அண்ணையின் அச்சகத்தில் பதினொரு வருடங்களாக அவள் நினைவு மலர்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் சாப்பாடு போடும்போது, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற புத்தகம் அது. அட்டையில் இறந்தவரின் பெயர், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மகன் எழுதியது, மருமகள் எழுதியது, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.

அவளுடைய கணினியில் 'அமரர்' என்று ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள் முப்பத்தெட்டுக் குத்துவிளக்குகள், நிறம் நிறமாகத் தாமரைகள், மேகத்துக்குள் ஏறிப்போகிற ஒரு படிக்கட்டு, வேதக்காரருக்கென்று, கிறிஸ்தவர்களுக்கென்று, புறாக்கள். யார் செத்தாலும் அதற்குள் இருந்துதான் ஒன்றை எடுத்துப் போடவேண்டும். அந்தப் படிக்கட்டைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குப் பலதரம் பொரித்த எண்ணெயைக் குடித்ததுபோல நெஞ்சு கரிக்கும். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்று முழங்கால் தேய்ந்த மனிதரைச் செத்த பிறகும் படியேறவிடுகிறார்களே என்று நினைப்பாள். நினைத்துக்கொண்டே படிக்கட்டின் நீலத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுவாள்.

வீட்டில் அவள் வேறு ஆள். ஒற்றை அறை அப்பார்ட்மென்டில், ஜன்னலோர மேசையில், கறுப்பு மையில் தோய்த்துக் கீறுகிற பேனாவும் தடித்த வெள்ளைத் தாளும் வைத்திருந்தாள். நூற்றிருபது, நூற்றுமுப்பது வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் குறியீட்டு ஓவியர்கள் என்று சிலர் இருந்தார்கள். கண்ணால் காண்பதை அப்படியே கீறாமல், சாவையும் நம்பிக்கையையும் அடையாளங்களாக மாற்றிக் கீறியவர்கள், அவர்களில் சிலர் கறுப்பால் மட்டும். கல்லூரியில் படித்த காலத்தில் அவர்களுடைய படங்களைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று பிடித்த பைத்தியம், நாற்பது வயதாகியும் விடவில்லை. மண்டையோட்டின் கண்குழியில் முளைக்கிற விதை, எலும்புக் கையில் ஒரு மொட்டு என்று கீறி இன்ஸ்டாகிராமில் போடுவாள். நானூறு பேர் பார்ப்பார்கள். விளக்குக்கும் தாமரைக்கும் எதிராகத் தான் செய்கிற உண்மையான வேலை இதுதான் என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒக்டோபர் முதல் கிழமை சீனித்தம்பியரின் பிள்ளைகள் இருவரும் கடைக்கு வந்தார்கள். மகன் விதுர்சன் விட்பியில் இருந்தான், மார்க்கம் நகரில் கணினி வேலை. மகள் பிரசாந்தினி மார்க்கத்திலேயே ஒரு பல் வைத்தியசாலையை நிர்வகித்தாள். இரண்டு பேருக்கும் முப்பதைச் சற்றுத் தாண்டிய வயது. தகப்பன் ஒஷாவாவில் தாயோடு இருந்தவர். நீரிழிவு. செப்ரெம்பரில் நித்திரையில் இதயம் நின்றுவிட்டது.

"அக்கா, உங்கடை இங்க் ட்ரோயிங்ஸ் பார்த்தனான்," என்றாள் பிரசாந்தினி. "சோ டீப். அப்பாவின்ரை கவருக்கு அப்பிடி ஒண்டு கீறித் தரேலுமோ?"

"மண்டையோடு வேண்டாம்," என்றான் விதுர்சன்.

"ஓம், நோ ஸ்கல்ஸ். டெத்தும் இருக்கோணும், ஆனா ஹோப்பும் இருக்கோணும். ஒரு கை, ஒரு விளக்கு, ஒரு பட்டர்ஃபிளை... அப்பிடி. கிளாஸியா."

பதினொரு வருடத்தில் முதல்தடவையாக ஒருவர் அவளுடைய படத்தைக் கேட்டு வந்திருக்கிறார். அனோஜாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஓம் என்றாள்.

பிறகு உள்ளே போட வேண்டிய படத்தைக் காட்டினார்கள். பொங்கலன்று எடுத்தது. சீனித்தம்பியர் பட்டுவேட்டியோடு சாய்கதிரையில் இருந்து சிரிக்கிறார். வலது கால் ஒரு முக்காலியில் நீட்டிக் கிடக்கிறது. பாதத்திலிருந்து முழங்கால்வரை தடிப்பான வெள்ளைக் கட்டு. கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஊறியிருந்தது.

"இதிலைதான் முகம் வடிவா வந்திருக்கு," என்றான் விதுர்சன். அவன் படத்தைப் பார்க்காமல் அனோஜாவின் விசைப்பலகையைப் பார்த்துச் சொன்னான். "அந்தக் காலை மட்டும்..."

"வெட்டிவிடவோ?" என்று அவள் கேட்டாள். வாய் தவறி வந்துவிட்டது.

"வேறை கால் ஒண்டு வையுங்கோ, அக்கா," என்றாள் பிரசாந்தினி மெதுவாக. "சனம் அவரை அப்பிடி ஞாபகம் வைக்கக் கூடாது."

அனோஜா கால் தேடினாள். செருப்பு விளம்பரம் ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கால் அகப்பட்டது. அதன் நிறத்தைக் கறுப்பாக்கி, மயிரை அழித்து, வேட்டிக்குக் கீழே பொருத்தினாள். கால் அச்சொட்டாகப் பொருந்தியது.

வாழ்க்கை வரலாற்றையும் அவள்தான் தட்டெழுதினாள். 'அன்னார் நோயுற்றிருந்த காலத்தில் பிள்ளைகள் இரவு பகலாகக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தனர். இறுதி வேளையிலும் அவர் வதனம் செந்தாமரையாய் மலர்ந்திருந்தது.' இந்த வசனத்தை அவள் இதுவரை எத்தனை பேருக்கு அடித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது முதல் இரண்டு சொற்களை அடித்தால் மிச்சத்தைக் கணினியே நிரப்பித் தந்தது.

அந்தக் கிழமை அட்டைப்படத்தைக் கீறி முடித்தாள். பட்ட மரக்கிளைகளால் ஆன ஒரு கை, அதில் அணைந்துபோன விளக்கு, விளக்கின் வாயிலிருந்து சிறகு விரிக்கிற ஒரு வண்ணத்துப்பூச்சி. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. முழுப் புத்தகத்தின் மாதிரியையும் தாய்க்கு அனுப்பச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம்போல, சீனித்தம்பியரின் மனைவி கோணேஸ்வரி கடைக்கு வந்தாள். ஒஷாவாவிலிருந்து 'கோ' புறநகர் ட்ரெயினும் பிறகு பஸ்ஸும் எடுத்துத் தனியே வந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். திருகோணமலைப் பெண், ஒல்லியான ஆள், கையிரண்டும் கழுவிக் கழுவி வெடித்துப்போயிருந்தன. மாதிரியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"பிள்ளை, உது ஆற்றை கால்?"

அனோஜாவின் முகம் சூடேறியது. "பிள்ளையள் மாத்தச் சொன்னவை, அன்ரி."

"தெரியும். நான் கேக்கிறது, உது ஆற்றை கால்?"

"விளம்பரத்திலை வந்த ஒராளின்ரை."

கோணேஸ்வரி கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, அந்தக் காலை நெடுநேரம் பார்த்தாள். "நல்ல கால்," என்றாள். "இந்தக் கால் எண்டா நான் ஒவ்வொருநாளும் கழுவியிருக்கத் தேவையில்லை." பிறகு அட்டையைத் திருப்பினாள். "உந்தப் பூச்சி என்னத்துக்கு?"

"அது நம்பிக்கை, அன்ரி. விளக்கு அணைஞ்சாலும் உயிர் வேறை விதமா வெளிக்கிடுது எண்டு..."

"உம்மடை வீட்டிலை ஆராவது வருத்தமாக் கிடந்து செத்தவையோ?"

"இல்லை." அவளுடைய அப்பாவும் அம்மாவும் மொன்றியாலில் தம்பியோடு சுகமாக இருந்தார்கள்.

"அதுதான்," என்றாள் கோணேஸ்வரி. ஏச்சாக இல்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு கதிரையை இழுத்து இருந்துகொண்டு, கேளாமலே சொல்லத் தொடங்கினாள்.

போன வருடம் யூலை. லோங் வீக்கெண்ட். காலில் இருந்த புண்ணுக்கு மருந்து கட்ட நேர்ஸ் கிழமைக்கு மூன்று நாள் வருவாள். லீவென்றபடியால் வரவில்லை. கட்டை மூன்று நாளைக்கு அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நல்ல வெக்கை. சீனித்தம்பியர் கிடந்த அறையின் ஜன்னல் வலை கிழிந்திருந்தது. பிள்ளைகள் இரண்டு குடும்பமும் வந்து நின்றார்கள், பின்வளவில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காலுக்குள்ளை ஆரோ நடக்கிறமாதிரி இருக்கு எண்டார். நான் விசர்க்கதை எண்டன். பிறகு மணத்திலை இருக்கேலாமல் அவிழ்த்தன்." கோணேஸ்வரி தன் இரண்டு கைகளையும் கிண்ணம்போலக் குவித்துக் காட்டினாள். "இவ்வளவு. வெள்ளை வெளேரெண்டு. ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறி, தலையை உள்ளை விட்டுக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு. ஒரு சத்தம் வரும் பிள்ளை. ஈரச் சோறு குழைக்கிற சத்தம்."

அனோஜா உமிழ்நீரை விழுங்கினாள். வாய் மறுபடி ஊறியது.

"நான் முகம் கழுவுற பேசினுக்குள்ளை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தன். எடுத்துப்போட்டுத் திரும்பி வந்து பாத்தன். திரும்பவும் எடுத்தன். மகள் ஓடிவந்தவள், பாத்திட்டு, மணம் போறதுக்கு அடிக்கிற சாமானை அடிச்சுப்போட்டுக் கதவைச் சாத்தினவள். ரோசாப்பூ மணம். புழுவிலையும் ரோசாப்பூ. மகன் வெளியிலை காருக்குப் பக்கத்திலை போய் நிண்டிட்டான். பிறகு அவன்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவன். கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டுக் கார் ஓடினவன். ஒருக்காலும் பின்னுக்குத் திரும்பிப் பாக்கேல்லை."

ஆசுப்பத்திரியில் ஒரு வைத்தியர், வயதான பெண், கையுறை போட்டுக்கொண்டு புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தாளாம். எடுத்து முடித்துக் கழுவிவிட்டு, கோணேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். அழுகின சதை முழுதும் போய்விட்டிருந்தது. அடியில் சிவப்பாக, ஈரமாக, நல்ல சதை. எல்லாப் புழுவும் இப்படிச் செய்யாது, உங்களுக்கு அதிர்ஷ்டம், இது செத்ததை மட்டும் தின்கிற இனம் என்றாளாம். அடுத்த கிழமை முழங்காலோடு எடுக்கிறதென்று நாள் குறித்திருந்த கால். எடுக்கவில்லை.

"பதினாலு மாசம் பிள்ளை. அந்தக் காலோடை பதினாலு மாசம் இருந்தவர். தானே கக்கூசுக்குப் போவார். ஒருநாள் என்னட்டைச் சொன்னார், கோணேசு, இந்தக் காலைத் தொட்டது நீயும் அந்தப் புழுக்களும்தான் எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்."

அவள் தொலைபேசியை எடுத்தாள். வைத்தியருக்குக் காட்டவென்று அன்று எடுத்த படம் இன்னும் இருந்தது. "நீர் சாவைக் கீறுற ஆளெண்டு மகள் சொன்னவள். பாரும்."

அனோஜா பார்த்தாள். ஒரு கணந்தான் பார்த்தாள். பிறகு எழும்பிக் கடையின் பின்பக்கம் ஓடினாள். மத்தியானம் தின்ற கொத்துரொட்டி அப்படியே வந்தது. கழிவறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அச்சு மையின் மணம்கூட அந்தப் படத்திலிருந்து வருவதுபோல இருந்தது.

திரும்பி வந்தபோது கோணேஸ்வரி ஒரு போத்தல் தண்ணீரை மூடி திறந்து வைத்திருந்தாள்.

"உந்த வண்ணத்துப்பூச்சியை எடுத்துப்போட்டு எனக்கு ஈயைக் கீறித் தாரும்," என்றாள். "அந்த மனுசனுக்கு நம்பிக்கை குடுத்தது அதுதான்."

அன்று மாலை வீட்டுக்குப் போன அனோஜா தன் பழைய படங்களை மேசையில் பரப்பினாள். மண்டையோடுகள் எல்லாம் கழுவித் துடைத்து வைத்ததுபோல இருந்தன. எலும்புகளில் ஒரு நார் இல்லை, ஒரு சொட்டு நீர் இல்லை. அவள் கீறியிருந்த சாவு எதிலும் மணம் இல்லை. பதினெட்டு வருடமாகத் தானும் ஒரு 'அமரர்' கோப்புறையைத்தான் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், கறுப்பு வெள்ளையில். அந்தப் படிக்கட்டைப் பார்க்கும்போது வருகிற அதே எண்ணெய்க் கரிப்பு இப்போது தன் படங்களைப் பார்க்கவும் வந்தது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, ஏரிப் பக்கம் உள்ள மீன்பிடிச் சாமான் கடை ஒன்றுக்குப் போனாள். தூண்டிலில் கோர்க்கவென்று சின்னப் பிளாஸ்ரிக் டப்பாவில் மரத்தூளுக்குள் புழு விற்பார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, உள்ளே அசைகிற மெல்லிய அதிர்வு தொடையில் தெரிந்தது. இரண்டு தரிப்பிடம் முந்தியே இறங்கி, வீதியோரம் நின்று மூச்சை இழுத்துவிட்டு, மிச்சத்தை நடந்து வந்தாள்.

கோழித்துண்டு ஒன்றை ஒருநாள் வெளியே வைத்துப் பழுதாக்கி, புழுக்களை அதன்மேல் கொட்டினாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஞாயிறு முழுக்கப் பார்த்துக் கீறினாள். முதல் நான்கு தாளும் பொய்யாக வந்தன. புழு முத்துமாலைபோல வந்தது. அழகாகக் கீறப் பழகிய கை கேட்கவில்லை. ஐந்தாவது தாளில் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டாள். மணம் தொண்டையில் இறங்கியது. கண்ணீர் வழிந்தது. அப்போதுதான் கோடு தடுமாறி, சரியாக விழத் தொடங்கியது.

புழுக்களை அவள் கீறவில்லை. காயத்தின் கறுப்பை மட்டும் கோடு கோடாக நிரப்பிக்கொண்டு வந்தாள். மை படாமல் மிஞ்சிய வெள்ளைத் தாள்தான் புழுவானது. பாதம் தாள் முழுக்கக் கிடந்தது, வெடித்துப்போன வயல்போல. பெருவிரல் நகத்தின்மேல் ஒரு ஈ. கடையின் ஜன்னல் கட்டையில் செத்துக் கிடந்த ஒரு பச்சை ஈயைக் காகிதத்தில் சுருட்டி வந்திருந்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, அதன் காலில் இருந்த மயிர்வரை கீறினாள். முடித்தபோது இரண்டுதரம் சத்தி எடுத்திருந்தாள். கோழியையும் டப்பாவையும் மூன்று பைக்குள் போட்டுக் கட்டி எறிந்துவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். கோணேஸ்வரிதான் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தாள். அனோஜா படத்தை மேசையில் வைத்தாள்.

பிரசாந்தினி "ஓ மை கோட்" என்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். விதுர்சன் இரண்டடி பின்னால் போனான். அவன் முகம் சாம்பலாகியது.

"என்ன கேவலம் இது?" என்றான். "அக்கா, ஆர் உங்களை உதைக் கீறச் சொன்னது?"

"நான் சொன்னனான்," என்றாள் கோணேஸ்வரி.

"அம்மா, சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை கையிலை இதைக் குடுக்கிறதோ? சோத்துக்குப் பக்கத்திலை வைப்பினமோ? அப்பாவைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"கொப்பருக்கு என்ன நடந்ததோ அதை நினைப்பினம்."

"ஒருத்தருக்கும் அது தெரியத் தேவையில்லை!"

அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஜூலியஸ் அண்ணை எட்டிப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் சண்டைக்குப் பயந்தவர். "தம்பி சொல்லுறதும் சரிதானே, அம்மா," என்று இழுத்தார். "சாப்பாட்டு மண்டபம்..."

கோணேஸ்வரி மகனைப் பார்த்தாள். அவன் சுவரோடு ஒட்டி நின்றான், படத்தைப் பார்க்காமலிருக்க முகத்தை ஒருபக்கம் திருப்பி.

"சரி," என்றாள். "சனத்துக்கு விளக்கைக் குடு. உனக்கு விருப்பமானதைப் போடு. ஆனா அந்தக் காலை எடு. ஆரோ ஒருத்தன்ரை காலோடை அவரை நான் அனுப்பேலாது."

"அப்ப அந்த பண்டேஜ்..."

"கட்டோடை கிடக்கட்டும். நான் கட்டின கட்டு."

விதுர்சன் தலையாட்டினான். பிரசாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிறகு உள்ளை எழுதினதெல்லாம்?" என்று கேட்டாள். "நாங்கள் இரவு பகலா... எண்டு?"

"உது கிடக்கட்டும்," என்றாள் தாய். "உங்களுக்கு அது தேவை."

ஓங்கி அறைந்திருந்தால்கூட அந்தச் சொல்லளவுக்கு நொந்திராது என்று அனோஜாவுக்குத் தோன்றியது.

"அப்ப அட்டைக்கு அந்தப் பட்டர்ஃபிளையே போடுவம்," என்றான் விதுர்சன்.

"அதைப் போட வேண்டாம்," என்றாள் அனோஜா.

"ஏன்? நீங்கள்தானே கீறினது. நல்லா இருந்தது."

"நான் தரமாட்டன்." காரணம் கேட்டார்கள். "அது பொய்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் கோப்புறையைத் திறந்து, மஞ்சள் சுடரோடு ஒரு குத்துவிளக்கை எடுத்துப் போட்டார்கள். குறைந்தபட்சம் அது தன் கையால் செய்த பொய் இல்லை என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு அவளும் போனாள். புத்தகப் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கோணேஸ்வரி கையைப் பிடித்து இருத்திவிட்டாள். முந்நூறு பேருக்கு மேல். மரக்கறிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். யாரோ ஒருவர் மேடையில் அன்னாரின் குணநலன்களைப் பற்றிப் பேச, கீழே சனம் வீட்டு விலையைப் பற்றிப் பேசியது. மேசைகளில் குத்துவிளக்கு அட்டை போட்ட புத்தகங்களின்மேல் பாயாசக் கோப்பைகளை வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தவர்களே குறைவு.

காற்றுக்கு வெளியே வந்தபோது, வாகனத் தரிப்பிடத்தில் விதுர்சன் ஒரு தட்டோடு நின்றான். தட்டில் இரண்டு வடை மட்டும்.

"சாப்பிடேல்லையோ?" என்று கேட்டாள்.

"சோறு தின்னமாட்டன்," என்றான். "போன வருசம் யூலைக்குப் பிறகு தின்னேல்லை. அவிச்ச சோத்தைப் பார்த்தா..." வசனத்தை முடிக்கவில்லை. வடையைக் கிள்ளிவிட்டு வைத்தான். "அம்மா சொல்லியிருப்பா, நான் திரும்பிப் பாக்கேல்லை எண்டு."

அனோஜா ஓம் என்று தலையாட்டினாள்.

"பார்த்தனான் அக்கா. பின்னுக்குப் பாக்கிற கண்ணாடிக்குள்ளாலை. முழு வழியும். அப்பா அந்தக் காலைக் கையாலை பிடிச்சுக்கொண்டு, சொரி மகன், சொரி மகன் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர். காரின்ரை சீற் ஊத்தையாகுது எண்டு." அவன் தட்டைக் காரின் முன்மூடியில் வைத்தான். "அந்தக் காரை மூண்டுதரம் கிளீன் பண்ணுவிச்சன். மணம் போகேல்லை. வித்துப்போட்டன். இது புதுக் கார். இதிலையும் மணக்குது. வைஃப் சொல்லுறா ஒண்டும் மணக்கேல்லையாம்."

"பிறகு ஏன் அவருக்குப் பக்கத்திலை போகேல்லை?"

"கதவடி மட்டும் போவன். போய்த் திரும்பி வந்திடுவன். எனக்கு அப்பாவிலை அருவருப்பில்லை அக்கா. அப்பாவை அருவருக்கிற என்னிலைதான் அருவருப்பு. அதுக்குப் பிறகு அவரின்ரை முகத்தைப் பார்க்கேலாது. ஃபோன்லை கதைப்பன்." அவன் சிரிக்க முயன்றான். அது சிரிப்பாக வரவில்லை. "ஒவ்வொருநாளும் ஃபோன் எடுத்தனான்."

பதினொரு வருடமாக ஆறுதல் வசனங்களை அச்சடித்தவள், ஒன்றும் வாயில் வராமல் அவனுக்குப் பக்கத்தில் காரில் சாய்ந்துகொண்டு நின்றாள். அவன் ஒரு வடையை நீட்டினான். வாங்கித் தின்றாள்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஈப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனாள். கோணேஸ்வரி அதைச் சமையலறை மேசையில் வைத்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அய்யோ, அருவருப்பாக் கிடக்குது," என்றாள். "சரியாத்தான் கீறியிருக்கிறீர்."

"எங்கை மாட்டப் போறீங்கள், அன்ரி?"

"மாட்டுறதோ? நான் சாப்பிடுறேல்லையோ?" அவள் படத்தைத் தூக்கிக்கொண்டுபோய், அலுமாரிக்குள், கணவனின் வேட்டிகளுக்குப் பின்னால், முகம் உள்ளுக்கு இருக்கும்படி சாத்தி வைத்தாள். "வேணுமெண்டா எடுத்துப் பாப்பன்."

அனோஜாவுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, தன் வாழ்நாளில் கீறிய படங்களில் நிஜமாக ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது இது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

சீனித்தம்பியர் கிடந்த அந்த அறையில் அவருடைய மெத்தை இன்னும் கிடந்தது. வாடகைக்கு எடுத்த ஆசுப்பத்திரிக் கட்டிலைக் கொண்டுபோக வந்தவர்கள், ஊறிப்போன மெத்தையைத் தொடமாட்டோம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை குப்பை எடுக்கிற லொறி வரும், அதற்குமுன் வீதியோரம் வைக்க வேண்டும். மகன் வருகிறேன் என்று சொன்னானாம். கோணேஸ்வரி வேண்டாம் என்றுவிட்டாளாம்.

"ஒரு பக்கம் பிடிக்கிறீரோ பிள்ளை?"

அனோஜா குனிந்து பிடித்தாள். தூக்கியதும் அடியில் கிடந்த மணம் முழுதும் எழும்பி வந்து முகத்தில் அடித்தது. கண் இருட்டியது, வயிறு மேலே வந்தது. அவள் முழங்கையால் மூக்கைப் பொத்தப் பார்த்தாள். மெத்தை சரிந்தது.

"மூக்கைப் பொத்தாதையும். வாயாலை மூச்சை விடும்," என்றாள் கோணேஸ்வரி மறுமுனையிலிருந்து. அவளுடைய கண்ணிலும் நீர் முட்டியிருந்தது. திடீரென்று அவளும் ஓங்காளித்தாள். இரண்டுதரம். நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"உங்களுக்குமோ, அன்ரி? இவ்வளவு காலம் செய்தும்?"

"ஒருநாளும் பழகேல்லை. ஒவ்வொரு நாளும் சத்தி எடுத்துப்போட்டுத்தான் கழுவினனான்." அவள் மறுபடி குனிந்து தன் முனையைப் பிடித்தாள். "மெல்லமாத் தூக்கும். படி ஒடுக்கம்."

இரண்டு பேரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, மெத்தையைக் கீழே இறக்கினார்கள். நடுப்படியில் மெத்தை வளைந்து அனோஜாவின் கன்னத்தில் உரசியது. அவள் முகத்தைச் சுளித்தாள். ஆனால் கையை விடவில்லை.